உமரி கேட்கும் நன்னீர்

ஐப்பசி

மழை இன்னும் பிடிக்கவில்லை. கொல்லையின் கிழக்குக் கோடியில் மண் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. கோடை முழுவதும் வெயில் நிலத்தடி ஈரத்தை மேலே இழுத்து, நீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை தாழ்ந்த நிலமெல்லாம் இந்த மாதத்தில் இப்படித்தான் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த எங்கள் தென்னைகள் இந்த மூலையில்தான் நின்றன. அதன் பிறகு வைத்த கன்றுகள் ஓலை நுனி கருகி நின்றுவிட்டன. இந்த மண்ணுக்கு எது சொந்தமோ அதையே வளர்ப்போம் என்று உமரி விதை தூவ ஆரம்பித்தேன்.

இந்தக் கரையில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளை உமரி என்பார்கள். இலை இருப்பதே தெரியாமல் கணுக்கணுவாகத் தண்டு மட்டும் நிமிர்ந்திருப்பது ஒன்று. தாவரவியலில் அது சாலிகார்னியா. ஆள் உயரப் புதராக எழுவது கருவுமரி. நான் வளர்ப்பது கீரைக்கு எடுக்கும் உமரி, சுவேடா மாரிட்டிமா. முழங்கால் உயரத்தைப் பெரும்பாலும் தாண்டாது. ஒல்லியான, சதைப்பற்றுள்ள இலை. நசுக்கினால் சாறு வரும், நாவில் வைத்தால் கரிக்கும். பாலக், பீட்ரூட், சக்கரவர்த்திக் கீரை, ஆண்டிஸ் மலைக்காரர்களின் கீன்வா எல்லாம் இதன் உறவுகள். அந்தக் குடும்பத்தில் உவர்ப்புக்குப் பழகிய செடிகள் நிறைய. தோட்டத்து பீட்ரூட்டே ஐரோப்பியக் கடற்கரையில் நின்ற ஒரு செடியிலிருந்து வந்ததுதான்.

*

விதையை நேற்று ஓட்டிலிருந்து உதிர்த்தேன். கடுகைவிடச் சிறியது, கறுப்பு, மினுமினுப்பு. ஒன்றை நன்னீரில் ஊறவைத்து, தோலைப் பிளந்து கைலென்ஸில் பார்த்தேன். உள்ளே கரு கொசுவர்த்திச் சுருளைப் போலச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறது. வேரும் தண்டும் வித்திலையும் முன்பே உருவாகிவிட்டன. முளைப்பது என்றால் அந்தச் சுருள் விரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் நல்ல தண்ணீர் கிடைத்த ஓரிரு நாளில் இந்த விதை வெளியே வந்துவிடுகிறது. நேரம் குறைவு என்று தெரிந்து செய்த ஏற்பாடு.

ஏன் நேரம் குறைவு என்பதில்தான் என் மனம் வருடாவருடம் போய் நிற்கிறது. உமரி வளர்ந்தபின் கடல்நீரையே குடித்து நிற்கும். ஆனால் அதன் விதை உப்புநீரில் முளைக்க மறுக்கும். அடர்ந்த உப்புக் கரைசல் தண்ணீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதை மீறி உறிஞ்சிக்கொள்ளும் வலு விதைக்கு இன்னும் வரவில்லை. எனவே அது உப்புக்குள்ளேயே, சாகாமல், மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கி மேல்மண்ணின் உப்பைக் கரைத்துக் கீழே தள்ளுகிற அந்தச் சில நாட்கள்தான் அதற்குக் கிடைக்கும் வாசல். மழை விட்டு வெயில் அடித்தால் உப்பு மறுபடி மேலே ஏறிவிடும். அதற்குள் வேர் இறங்கியிருக்க வேண்டும்.

உமரியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அது எதையும் தாங்கும், அதற்குக் கவனிப்பே வேண்டாம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த நேரத்தில் கவனிப்பது என்பதில் அது மிகக் கறாரான செடி. வருடத்தில் ஒருமுறை, மழைக்கு முன்னும் மழையோடும், அதற்கு என் கை தேவைப்படுகிறது. மற்ற மாதங்களில் நான் தள்ளி நிற்பதுதான் அதற்குச் செய்யும் உபகாரம்.

*

மேல்மண் பொருக்கை வாரியால் லேசாகக் கீறிவிட்டேன். ஆழமாகக் கொத்தக் கூடாது. அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். விதையை மணலோடு கலந்து தூவி, மண் போட்டு மூடாமல் உள்ளங்கையால் அழுத்தினேன். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கரை கட்டியாயிற்று. முதல் மழையில் தேங்கும் தண்ணீரை ஒரு பகல் ஓர் இரவு நிறுத்தி, பிறகு வடிகால் பக்கம் வாய் திறந்து வெளியேற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் உப்பைச் சுமந்துகொண்டு போகும். இரண்டாவது மழையைத்தான் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்.

கரையின் மேல் உட்கார்ந்து தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் இருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கிறது. இன்றைக்கு இல்லை.

கார்த்திகை

மூன்று இரவு விடாமல் பெய்தது. இன்று காலை பார்த்தால் நிலம் முழுக்கப் பச்சைப் புள்ளி. குனிந்து பார்த்தால்தான் தெரியும்; நின்றுகொண்டு பார்த்தால் மண் மட்டுமே. ஒவ்வொன்றிலும் இரண்டு வித்திலைகள். அவையும் நீளமாக, சற்றே தடித்து, பிறந்த நாளிலேயே உமரி என்று சொல்கிற வடிவத்தில்.

தேங்கிய நீரின் ஒரு துளியை நாவில் வைத்தேன். கரிப்பு மிகவும் லேசாக இருந்தது. மண் ஆய்வாளர்கள் மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறார்கள், அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ். மண்சாற்றில் 4ஐத் தாண்டினால் உவர் நிலம் என்று கணக்கு. கடல்நீர் ஏறக்குறைய 50. நெல்லுக்கு 3ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கிவிடும். சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் முதலில் நாக்கிடம்தான் கேட்கிறேன்.

*

நாற்றுகள் நெருக்கமாக இருக்கின்றன. களைவதா விடுவதா என்று வெகுநேரம் யோசித்தேன். களையவில்லை. நெருக்கமாக நின்றால் நிலத்துக்கு நிழல் கிடைக்கும். நிழல் கிடைத்தால் ஈரம் மெதுவாக ஏறும். ஈரம் மெதுவாக ஏறினால் உப்பும் மெதுவாக ஏறும். பலவீனமானவை தாமாகவே பின்தங்கும்.

வேலியோரம் சீமைக்கருவேலம் முளைத்திருந்ததை மட்டும் வேரோடு பிடுங்கினேன். உமரிக்கு உப்பு பிரச்சினை இல்லை, வெயில் இல்லாவிட்டால்தான் பிரச்சினை. கோடியக்கரையில் சீமைக்கருவேலம் பரவிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதன் நிழலடியில் இந்தக் கரையின் சிறு செடிகளுக்கு இடமே இருப்பதில்லை. ஈரமண்ணில், விரல் நீளத்தில் இருக்கும்போது பிடுங்குவது எளிது. ஒரு வருடம் விட்டால் மண்வெட்டி வேண்டும், இரண்டு வருடம் விட்டால் ஆள் வேண்டும்.

மார்கழி

உப்பை எதிர்கொள்வதில் இந்தக் கரையோரச் செடிகள் ஆளுக்கொரு வழி வைத்திருக்கின்றன. பிச்சாவரத்தில் சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டு, பிறகு இலைச் சுரப்பிகளின் வழியே வெளியே தள்ளுகிறது. அதன் இலைமேல் உப்புப் பரல்களைக் கையால் தடவிப் பார்க்கலாம். உமரி இரண்டையும் செய்வதில்லை. தடுக்கவுமில்லை, துப்பவுமில்லை. வாங்கி, உள்ளே வைத்துக்கொள்கிறது.

எப்படி என்பதைப் படித்த நாளிலிருந்து இந்த இலையைப் பார்க்கும் விதம் எனக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நீர் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. நுண்குமிழி என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அது. உமரி சோடியத்தை ஆற்றல் செலவழித்து அந்த அறைக்குள் தள்ளி அடைத்துவைக்கிறது. உயிர்வேலை நடக்கும் மீதிப் பகுதியில் உப்பு சேராதபடி பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஓர் அறையில் மட்டும் உப்பு மிகுந்தால் வெளிப்பகுதியின் நீரையெல்லாம் அது இழுத்துக்கொள்ளுமே? அதை ஈடுகட்ட வெளிப்பகுதியில் பீட்டெய்ன் என்ற தீங்கற்ற பொருளைச் செய்து நிரப்புகிறது. சர்க்கரை பீட்டிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள், அதனால் அந்தப் பெயர். உப்பு ஏற ஏற அறை பெரிதாகிறது, இலை பருக்கிறது. நாம் சதைப்பற்று என்று பார்ப்பது, உள்ளே நடக்கும் இந்தப் பிரித்துவைக்கும் வேலையை.

ஒரே உடம்புக்குள் நஞ்சும் இருக்கிறது, நஞ்சு தீண்டாத இடமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒரு சவ்வு. அந்தச் சவ்வில் இரவும் பகலும் வேலை ஓய்வதில்லை. செடி அசையாமல் நிற்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தை

மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் என் தங்கை கேட்டதற்காக, நிலம் இல்லாதவர்களும் வளர்க்க முடியுமா என்று பார்க்க. முடிகிறது. ஆற்றுமணல் இரண்டு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு, கொஞ்சம் மக்கிய தொழு உரம், அடியில் தாராளமான துளைகள். முளைத்து நான்கைந்து இலை வரும்வரை நல்ல தண்ணீர் மட்டும்.

அதன் பிறகும் நல்ல தண்ணீரே ஊற்றிக்கொண்டிருந்தால் செடி சாகாது. ஆனால் இலை மெலிந்து, நோஞ்சானாக நிற்கும். உப்பு அதற்குத் தாங்கிக்கொள்ளும் சுமை மட்டும் இல்லை. அளவோடு கிடைத்தால் அதில்தான் தழைக்கிறது. லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, 10 கிராமில் நிறுத்தினேன். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பத்து நாளில் இலை பருமனாகி, நிறம் ஆழ்ந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியத் தொடங்கினால் உப்பு மிஞ்சுகிறது என்று பொருள். அப்போது துளை வழியே வழிந்தோடும்வரை நல்ல தண்ணீர் ஒருமுறை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அடுத்த வேளை பழையபடி.

தங்கையிடம் சொன்னது ஒன்றுதான்: வெயில் நேரடியாக விழும் இடமாகப் பார்த்து வை, பக்கத்துத் தொட்டிகளில் அந்தத் தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொள்.

*

கொழுந்து கிள்ளும் பருவம் இது. அடுத்த தெரு அக்கா வந்து மடி நிறையக் கிள்ளிக்கொண்டார். அவர் அம்மா, பாட்டி எல்லாம் சமைத்த கீரை. நான் எப்படிச் சமைப்பது என்று கேட்டேன்.

"மொதல்ல நல்லா வேகவச்சு அந்தத் தண்ணியக் கொட்டிருங்க தம்பி. அப்பறம் பச்சத் தண்ணி ஊத்தி அலசிப் பிழியணும். ஒரு தரம் பத்தாது, இன்னொரு தரமும் பிழியுங்க."

"உப்பு?"

"உப்பையா? தொடாதீங்க. அதான் அது கொண்டாந்துருக்குல்ல."

பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுக் கிளறிக்கொண்டு வந்து கொடுத்தார். பிழிந்த பிறகும் கரிப்பு அடியில் இருந்தது. பருப்பின் இனிப்பு அதன்மேல் நின்றது. வேகவைத்த நீரைக் கொட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாலக்கைப் போலவே இந்தக் குடும்பத்தில் ஆக்சலேட் அதிகம். அதில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் இரத்தக் கொதிப்புக்காரர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது. எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். உமரி உப்பை மட்டும் சேர்ப்பதில்லை. நிலத்தில் கன உலோகங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளும். இறால் பண்ணைக் கழிவு வடியும் வாய்க்காலோரம், சாக்கடை கலக்கும் கழிமுகம் பக்கமெல்லாம் கீரைக்குக் கை வைக்கக் கூடாது. கோடியக்கரைச் சரணாலய எல்லைக்குள் எதையும் பறிக்கக் கூடாது, ஒரு கொழுந்தைக்கூட.

பங்குனி

அகத்தியம்பள்ளி உப்பளப் பக்கம் நடந்தேன். கடல்நீர் பாத்தி பாத்தியாகக் கெட்டிப்பட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாக இறங்குகிறது. வெளிக்கரையில் உமரி அடர்ந்திருக்கிறது. உள்ளே போகப் போகச் செடி குட்டையாகி, சிவந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு இல்லவே இல்லை. உப்பு விளையும் பாத்தியின் வரப்பில் ஒன்றும் இல்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அது தன் உடம்பாலேயே கோடு போட்டுக் காட்டுகிறது; மீட்டர் இல்லாமலே நிலத்தின் உப்பைப் படித்துவிடலாம்.

ஈரமான சேற்றுப் பகுதியில் வளை நண்டுகள் வேர்களுக்கு நடுவே துளை போட்டிருந்தன. அலை ஏறும்போது தண்ணீர் அந்த வளைகளில் புகுந்து, இறங்கும்போது உப்பையும் கொண்டு போகிறது, காற்றும் உள்ளே வருகிறது. என் கொல்லையில் நான் மண்வெட்டியால் வாய் திறந்து செய்கிற வேலையை இங்கே நண்டு செய்கிறது.

சித்திரை, வைகாசி

செடிகள் சிவக்கின்றன. முதலில் தண்டு, பிறகு நுனி, பிறகு பழைய இலைகள். பீட்ரூட்டைச் சிவப்பாக்கும் அதே வகை நிறமிதான் இதிலும். வெயிலும் உப்பும் நெருக்கும்போது கூடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் செடி வாடுகிறது, தண்ணீர் விடலாமே என்றார்கள். விடவில்லை. இது வாட்டம் இல்லை. இலை இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் விடாமல் இருப்பது எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது. வாளி கையில் இருக்கும்போது ஊற்றாமல் நிற்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். காலையில் போய்ச் செடிகளுக்கு நடுவே அரைமணி நேரம் உட்காருகிறேன். பிடுங்குவதில்லை, கிள்ளுவதில்லை. இலைக்கக்கத்தில் பச்சையாக, இதழே இல்லாமல், ஊசிமுனை அளவில் பூக்கள் வந்திருக்கின்றன. மகரந்தம் பெரும்பாலும் காற்றோடு போகிறது. வண்டை அழைக்க வேண்டிய தேவை இல்லாத பூவுக்கு நிறம் எதற்கு. தேடிப் பார்த்தால்தான் பூ என்றே தெரிகிறது.

ஆடி

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாக ஏறிய கடல், நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. வயல்களில் உப்பு நின்றுவிட்டது. கடல் ஏறிய நிலங்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான் உமரியின் பக்கம் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் உவர்நிலச் செடிகள் சிலவற்றை வளர்த்துப் பார்த்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து உப்பை அதிகம் எடுத்தவை உமரியும் ஓர்ப்பூடும். ஒரு ஹெக்டேரில் உமரி 4 மாதத்தில் ஏறக்குறைய 500 கிலோ உப்பை எடுத்துவிடும் என்பது அவர்கள் மதிப்பீடு.

அரை டன். படித்தபோது நெஞ்சு நிறைந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் நின்று காய்ந்தால் ஒரு லட்சம் லிட்டர். அதில் உப்பு 3,500 கிலோ. உமரி நான்கு மாதம் உழைத்து எடுப்பது அதில் ஏழில் ஒரு பங்கு. அன்று இங்கே நின்றது ஒரு சென்டிமீட்டர் தண்ணீரா? 2005இன் வடகிழக்குப் பருவமழை தாராளமாகப் பெய்ததும், கரை கட்டி நன்னீரைத் தேக்கி வடித்ததும்தான் பெரும்பாலான வயல்களை மீட்டன. உமரியை மீட்பர் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும். அதைச் சொல்வதால் என் அன்பில் ஒன்றும் குறைந்துவிடாது. நிலத்தைக் கழுவுவது மழை. உமரி செய்வது, மழை இல்லாத மாதங்களில் நிலத்தை வெறுமையாக விடாமல் மூடி வைப்பது; மேலே ஏறி வரும் உப்பில் ஒரு பங்கைத் தன்னிடம் வாங்கிக்கொள்வது; வேர்விட்டு மண்ணைத் திறந்து வைப்பது, அடுத்த மழை உள்ளே இறங்குவதற்கு.

ஆவணி

விதை முற்றிவிட்டது. செடியை அடியோடு அறுத்து, சாக்கில் போட்டுத் தட்டி, விதையைச் சலித்து எடுத்தேன். காகிதப் பொட்டலம், அதன்மேல் மாதம், இடம். மூன்றில் ஒரு பங்கு நிலத்தை அறுக்காமல் விட்டிருக்கிறேன். அது தானே உதிர்த்துக்கொள்ளும்.

ஓர் ஊர் தள்ளி இருக்கும் விவசாயி ஒருவர் வந்திருந்தார். கடலோர வாய்க்கால் உடைந்து அவர் வயலின் ஓர் ஓரம் உவர் ஏறிவிட்டது. விதை கேட்டார். கொடுத்தேன்.

"தண்ணி எப்ப கட்டணும்ண்ணே?"

"நீங்க கட்டாதீங்க. ஐப்பசில தூவிட்டு மழைய உள்ள நிறுத்துங்க. மொதத் தண்ணிய வடிச்சுட்டு ரெண்டாந்தண்ணிய வச்சுக்கங்க. அதுக்கப்பறம் பங்குனி, சித்திரை வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க."

"ஆடு மேயுமே?"

"கொஞ்சம் மேஞ்சா ஒண்ணுமில்ல, குடிக்க நல்ல தண்ணி நிறைய வைக்கணும். அதையே தீனியா போட்டா வயித்தால போகும்."

அறுத்த பிறகு செடியை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். வயலில் போட்டு மடக்கி உழுதால், இலையில் வாங்கி வைத்த உப்பெல்லாம் மழையில் கரைந்து அதே மண்ணுக்குத் திரும்பிவிடும். நாலு மாத வேலை வீண். அறுத்த அன்றே வெளியே கொண்டுபோய்விட வேண்டும். எருக்குழியிலும் போடக் கூடாது. கடலோரம் உமரி நிற்கிற உவர்த் தரையிலேயே பரப்பிவிடுவது எளிய வழி.

"அப்ப நெல்லு எப்பண்ணே போடலாம்?"

மழைக்குப் பிறகு மண்ணை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குக் கொடுங்கள், மேல்மண்ணும் ஒரு முழம் அடியில் உள்ள மண்ணும் தனித்தனியாக, என்றேன். இரண்டிலும் உப்பளவு 3 டெசிசீமன்ஸுக்குக் கீழே வந்திருந்தால் நெல் போடலாம். மேல்மண் மட்டும் இறங்கியிருந்தால் அவசரப்பட வேண்டாம். அடுத்த கோடையில் அடியில் இருப்பது மேலே ஏறிவிடும், இன்னொரு வருடம் உமரியே நிற்கட்டும். அவர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கரை எத்தனை உயரம் கட்ட வேண்டும் என்று கேட்டார். எழுந்துபோய் என் கொல்லையின் கரையைக் காட்டினேன். சாணால் அளந்துகொண்டார்.